பட்டாளத்துப் பெயர்கள்

வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் ‘பட்டாளத்தார் வீடு’ என்று ஒரு வீட்டையாவது காட்டுவார்கள். பட்டாளத்துக்குப் போனவர் மூன்று தலைமுறைக்கு முந்தியவராக இருப்பார். பேரனுக்கே எழுபதைத் தாண்டியிருக்கும். வீட்டுக்கு வாய்த்த பெயர் மட்டும் மாறாமல் நிற்கும். உள்ளே போய் உட்கார்ந்து அவரைப் பற்றி விசாரித்தால் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் கிடைக்கும். “பஸ்ராவுக்குப் போனாராம், திரும்பலையாம்.” இல்லையென்றால், “பர்மாச் சண்டையில காணாமப் போயிட்டாரு.” இறந்த நாள் தெரியாது. அதனால் மகாளய அமாவாசையன்று, திதி தெரியாத மற்ற முன்னோர்களோடு சேர்த்து அவருக்கும் எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள்.

அந்த ஒற்றை வரியைக் கையில் வைத்துக்கொண்டு, கல்லறைக் கற்களையும் அடக்கப் பதிவேடுகளையும் துழாவி, அவருடைய படை எண்ணையும் படைப்பிரிவையும் இறந்த நாளையும், அவர் பெயர் பொறித்த கல் நிற்கும் இடத்தையும் மீட்டெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதை வம்ச வரலாற்று ஆராய்ச்சி என்று சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. மைப்படி எடுத்துக் கல்வெட்டு வாசிப்பவருக்கும், செல்லரித்த ஏட்டைப் பெயர்த்தெழுதுபவருக்கும் உள்ள அதே நுட்பம் இதற்கும் வேண்டும். கடைசியில் வாய்க்கிற சிலிர்ப்பும் அதேதான். இது ஒரு கலை. ரசிக்கப் பழகிவிட்டால் எந்தக் கல்லறைத் தோட்டத்தையும் வெறுமனே கடந்து போக முடியாது.

இந்தக் கலையைப் பயிலச் சென்னையிலேயே ஓர் இடம் இருக்கிறது. நந்தம்பாக்கத்தில், மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டம். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளைக் காலத்துக்கும் பராமரிப்பது நடவாது என்று தெரிந்ததும், அவற்றை இங்கே ஒன்றாகத் திரட்டினார்கள். 850க்கும் மேற்பட்டவர்கள் இங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். முதல் உலகப் போரில் இறந்து, நாட்டின் பல மூலைகளில் உள்ள பழைய இடுகாடுகளில் புதைந்துபோன ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களையும் இங்கே ஒரு நினைவுச்சின்னத்தில் பொறித்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய், அவசரமில்லாமல் வரிசை வரிசையாக நடந்து பாருங்கள். முதலில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். அந்த ஒற்றுமையிலிருந்துதான் ரசனை தொடங்குகிறது.

அது தற்செயலாக வந்த ஒற்றுமை கிடையாது. முதல் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்தின் வண்டிப் பிரிவு ஒன்றுக்குத் தலைவராகப் பிரான்சுக்குப் போன ஃபேபியன் வேர், விழுந்த இடத்திலேயே அவசரமாகப் புதைக்கப்பட்டவர்களின் குழிகளைக் குறித்துவைக்கத் தொடங்கினார். அந்தக் குறிப்புகளிலிருந்து வளர்ந்ததுதான், 1917 மே 21 அன்று அரச சாசனம் பெற்ற போர்க் கல்லறை ஆணையம். இன்று அதன் பெயர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். இரண்டு போர்களிலும் இறந்த 17 லட்சம் பேரின் நினைவு, 150க்கும் மேற்பட்ட நாடுகளில் அதன் பொறுப்பில் இருக்கிறது. பதவியும் இனமும் மதமும் பாராமல் எல்லோருக்கும் ஒரே அளவுக் கல், ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் என்பது அது வகுத்துக்கொண்ட நெறி.

அந்தக் கல்லின் அளவைப் பாருங்கள். உயரம் 81 சென்டிமீட்டர், அகலம் 38, கனம் 7.6. ஆள் உயரத்துக்கு நின்று நம்மை மிரட்டாது. காலில் இடறும் அளவுக்குத் தாழவும் தாழாது. பெயரை வாசிக்க வேண்டுமென்றால் நாம் கொஞ்சம் தலை குனிய வேண்டும். தலைப்பகுதியில் மிக மெல்லிய ஒரு வளைவு. மழைநீர் தேங்காமல் இரு பக்கமும் வழிந்துவிடும். எழுத்துகளை வடித்தவர் மெக்டொனால்ட் கில். அலங்காரம் ஏதுமில்லாத, நிமிர்ந்த பெரிய எழுத்துகள். நூறு ஆண்டுகளாக மழையும் பனியும் தின்ற பிறகும் பிரான்சில் அவை வாசிக்கக் கிடைக்கின்றன. பெரிய தோட்டங்களில் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்த நினைவுப் பீடம் ஒன்று இருக்கும். பார்வைக்குச் சதுரமாக வெட்டிய கல்தான். ஆனால் அதில் ஒரு நேர்கோடும் கிடையாது. 1,801 அடி 8 அங்குல விட்டம் கொண்ட ஒரு கோளத்தின் துண்டுகளாக அதன் கிடைமட்டப் பரப்புகளைக் கணக்கிட்டிருக்கிறார். கண்ணால் அந்த வளைவைப் பிடிக்க முடியாது. கல் உயிரோடிருப்பதாக மட்டும் தோன்றும்.

இனி வாசிப்பு. கல்லின் உச்சியில் படைப்பிரிவின் சின்னம். அதன் கீழே படை எண்ணும் பதவியும். பிறகு பெயர், பிரிவு, இறந்த நாள், வயது. நடுவில் மதக் குறி. பிரான்சில் உள்ள இந்தியச் சிப்பாய்களின் கற்களில் முஸ்லிம்களுக்கு அரபியிலும் சீக்கியர்களுக்குக் குர்முகியிலும் இந்துக்களுக்குத் தேவநாகரியிலும் ஒரு வரி இருக்கும். அடியில் ஒரு சிறு இடம். அது குடும்பத்தின் இடம். முதல் போருக்குப் பிறகு, இடைவெளியும் சேர்த்து 66 எழுத்துகளுக்குள் வீட்டார் ஒரு வாசகம் சேர்க்கலாம் என்று விட்டார்கள். எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் கட்டணம். பெற்று வளர்த்த மகனை ஒரு குறளின் நீளத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். எழுதத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் அதில் எழுதியிருக்கிறார்கள். தேர்ந்த கவிஞர்கள் எட்டாத இடத்தைச் சில தாய்மார்கள் எட்டியிருக்கிறார்கள்.

கல் சொல்லாமல் சொல்வதையும் படிக்க வேண்டும். இரண்டு மூன்று கற்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றையொன்று ஒட்டி நின்றால், அவர்களைப் பிரித்து அடக்கம் செய்ய முடியவில்லை என்று பொருள். எரிந்து விழுந்த ஒரே விமானத்தின் ஆட்களாக இருக்கலாம். ஒரே குண்டில் போனவர்களாக இருக்கலாம். 1919, 1920 என்று தேதி கண்டால், சண்டைதான் முடிந்துவிட்டதே என்று குழம்ப வேண்டாம். முதல் போருக்கு 1921 ஆகஸ்ட் 31 வரையும், இரண்டாம் போருக்கு 1947 டிசம்பர் 31 வரையும் பணியில் இறந்தவர்களை ஆணையம் கணக்கில் சேர்த்திருக்கிறது. விஷக் காய்ச்சலில் முகாமில் இறந்தவருக்கும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆறாத காயத்தோடு போனவருக்கும் அதே கல்தான். “சண்டையில சாகல, காய்ச்சல்லதான் செத்தாரு” என்று தயங்கித் தேடாமல் விடும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்லுக்குப் பின்னால் காகிதம் இருக்கிறது. என்னைக் கேட்டால், இந்தக் கலையின் உச்சம் அங்கேதான். போர் முடிந்ததும், போர்க்களங்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நடந்து தேடி, சிதறிய உடல்களை எடுத்து, பெரிய தோட்டங்களில் சேர்த்தார்கள். ஒவ்வோர் உடலுக்கும் அடக்கப் படிவத்தில் ஒரு வரி. எந்த வரைபடக் கட்டத்தில் கிடைத்தது, குழியின் மேல் சிலுவை இருந்ததா, எதைக் கொண்டு அடையாளம் கண்டார்கள் என்று பத்திகள். அடையாளப் பத்தியைப் படிக்கும்போது கை தானாக நின்றுவிடும். கழுத்து வட்டு. பூட்ஸ். தோளில் குத்திய படைப்பிரிவு எழுத்து. கரண்டி. காலில் சுற்றிய பட்டைக்குள் சிப்பாய்கள் கரண்டியைச் செருகிவைப்பார்கள். அதன் காம்பில் படை எண்ணைக் குத்தி வைத்திருப்பார்கள். சாப்பிட வைத்திருந்த கரண்டி, கடைசியில் ஆளை அடையாளம் காட்டியிருக்கிறது.

வட்டுக்கும் ஒரு கதை உண்டு. தொடக்கத்தில் பிரிட்டிஷ் படையினரின் கழுத்தில் ஒரே ஒரு வட்டுதான். ஆள் இறந்ததும் தகவல் தெரிவிக்க அதைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு அந்த உடலை யாரென்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. 1916 செப்டம்பரில் இரண்டாக்கினார்கள். சிவப்பு வட்டம் கணக்குக்கு, பச்சை எண்கோணம் உடலோடு. அந்தச் சின்ன மாற்றம் எத்தனையோ கற்களுக்குப் பெயர் தந்தது. அதற்கு முந்திய ஆண்டில் விழுந்தவர்கள் பலருக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் மகன் ஜான் அப்படிப் போனவன். பதினெட்டு வயது. 1915இல் லூஸ் போரில் காணாமல் போனான். தந்தை விசாரிக்காத ஆளில்லை. அவரே ஆணையத்தில் சேர்ந்து, பெயர் தெரியாதவர்களின் கற்களில் ‘கடவுள் அறிவார்’ என்று பொருள்படும் வாசகத்தைத் தேர்ந்து கொடுத்தார். மகனின் கல் எதுவென்று அறியாமலே 1936இல் இறந்தார். 1992இல் ஆணையத்தின் ஆவணப் பிரிவினர் ஓர் அடக்கப் படிவத்தை மறுபடி பார்த்தபோது, வரைபடக் குறிப்பில் ஓர் எழுத்து தப்பாக விழுந்திருப்பதைக் கண்டார்கள். திருத்திப் பார்த்ததும், ‘அயர்லாந்துக் காவற்படை லெப்டினன்ட்’ என்று மட்டும் இருந்த ஒரு கல் ஜானுடையதாயிற்று. அதை ஏற்காமல் வாதாடியவர்கள் உண்டு. ஆணையம் மீண்டும் ஆராய்ந்து தன் முடிவில் நிற்கிறது. ஓர் எழுத்து ஒரு மகனை எழுபத்தேழு ஆண்டு மறைத்துவைத்திருந்தது. பதிவேடு படிப்பவர் ஒவ்வோர் எழுத்தையும் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது.

எழுத்து விஷயத்தில் நம்மவர்களைத் தேடுவது இன்னும் நுட்பமான வேலை. பதிவேட்டில் நல்ல செய்திகளே இருக்கும். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர், இன்ன ஜில்லா என்று சில பதிவுகள் முழுதாகவே சொல்லும். ஆனால் அந்தப் பெயர் ஆள்சேர்ப்பு முகாமில் ஒரு குமாஸ்தாவின் காதில் விழுந்த விதத்தில் இருக்கும். முத்துவுக்கு இரண்டு இடத்திலும் இரட்டை ஓ போட்டு ‘மூட்டூ’ ஆக்கியிருப்பார்கள். சாமி ‘சாவ்மி’ ஆகியிருப்பார். ஏழுமலை ‘எல்லுமலை’ ஆகியிருக்கலாம். தேடுகிறவர் கண்ணால் தேடாமல் வாயால் தேட வேண்டும். பெயரை உரக்கச் சொல்லி, தமிழ் தெரியாத ஒருவர் அதை எப்படி எழுதியிருப்பார் என்று பத்து விதமாக எழுதிப் பார்க்க வேண்டும். ஊர்ப் பெயருக்கும் அப்படியே. நாகப்பட்டினத்தை நெகபடத்திலும் திருச்சியை டிரிச்சினாபோலியிலும் தேட வேண்டும். அன்றைய வட ஆற்காடு ஜில்லா 1989இல் இரண்டாகப் பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. பதிவேடு சொல்லும் ஜில்லாவில் உங்கள் ஊர் இன்று இல்லை என்பதற்காக, ஆள் வேறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பெயரைவிட உறுதியான துப்பு எண். முதல் போரில் கிடைத்த வெள்ளி மெடல் பெட்டியில் கிடந்தால், அதன் முகத்தைப் பார்க்காதீர்கள். விளிம்பைப் பாருங்கள். எண்ணும் பதவியும் பெயரும் பிரிவும் அந்த மெல்லிய விளிம்பைச் சுற்றிப் பொறித்திருக்கும். எத்தனையோ வீடுகளில் அந்த வெள்ளி உருகிக் கொலுசாகியிருக்கிறது.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு தேட வேண்டும். இந்துவாகவோ சீக்கியராகவோ இருந்தவருக்குப் பெரும்பாலும் கல்லறையே இருக்காது. தீயில்தான் போயிருப்பார். கொஹிமாவில் தகனமான 917 வீரர்களுக்காக ஒரு தனி நினைவுச்சின்னம் இருக்கிறது. பர்மாவில், யாங்கூனுக்கு வடக்கே தௌக்கியானில் நிற்கும் ரங்கூன் நினைவுத் தூண்களில் ஏறத்தாழ 27,000 பெயர்கள். சிங்கப்பூர் கிராஞ்சியின் சுவர்களில் 24,000க்கும் மேல். பிரான்சில் நவ் ஷப்பேல் என்னுமிடத்தில் ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த இந்திய நினைவகம் 1927இல் திறக்கப்பட்டது. பதினைந்து மீட்டர்த் தூண், உச்சியில் தாமரை, காவலுக்கு இரண்டு புலிகள், உள்வட்டச் சுவரில் 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள். அங்கெல்லாம் எலும்பு கிடையாது, சாம்பல் கிடையாது. பெயரே உடல். வீட்டுப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க அந்த எழுத்துக்குழிகள் மட்டும்தான் உண்டு.

அதனால்தான் பஸ்ராவை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. இன்றைய இராக் பகுதியான மெசபடோமியாவில் இறந்து, கல்லறை அறியப்படாத 40,000க்கும் மேற்பட்டோருக்காக 1929இல் அங்கே நினைவகம் திறந்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் போட்டார்கள். இந்திய அதிகாரிக்கும் போட்டார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் பெயர் போடவில்லை. படைப்பிரிவின் பெயருக்குக் கீழே, மேலும் இத்தனை இந்திய வீரர்கள் என்று ஒரு தொகை. அவ்வளவுதான். எல்லோருக்கும் அவரவர் பெயர் என்று நெறி வகுத்த அதே ஆணையம், சுவரில் ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டல் கணக்காக்கிவிட்டது. நம் கிராமங்கள் சிலவற்றிலும் அந்தக் காலத்துக் கல் ஒன்று பதித்திருக்கும். இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த மகா யுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று அது சொல்லும். போனவர் யார், துறந்தவர் யார் என்று சொல்லாது.

இந்த மண்ணுக்குக் கல்லில் பெயர் வெட்டத் தெரியாதா? தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகற்கள் தமிழ்ப் பிராமியில் எழுதியவை. அவற்றில் ஒன்று, ஆநிரைப் பூசலில் விழுந்தவனின் பெயரையும் ஊரையும் சில சொற்களில் சொல்லிவிடுகிறது. கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு படிகளாக நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டு, நாடு, ஊர், வீரனின் பெயர், அவன் யாருடைய சேவகன், எதற்காகப் பட்டான் என்று எல்லாம் முறைப்படி இருக்கும். ஆணையத்தின் பதிவேட்டுப் பத்திகளுக்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனின் பக்கத்தில் ஒரு நாய். கள்வரைக் கடித்துக் காவல் நின்ற நாய். அதன் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்தச்சர் ஒரு நாயின் பெயர் மறைந்துவிடக் கூடாது என்று நினைத்தார். பஸ்ராவில் ஒரு பேரரசு, தனக்காகச் செத்த மனிதர்களின் பெயர் மறைந்தால் பாதகமில்லை என்று நினைத்தது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவருக்கு எது நாகரிகம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2021 ஏப்ரலில் ஆணையம் தன் பழைய ஆவணங்களைத் தானே ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களுமாக 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது எவ்விதத்திலும் நினைவுகூரப்படவே இல்லை. இதை ஒப்புக்கொண்டு ஆணையம் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டில், லாகூர் அருங்காட்சியகத்தில் நூற்றாண்டாகக் கிடந்த பஞ்சாபின் கிராமவாரி யுத்தப் பதிவேடுகள் பொதுமக்கள் தேடும்படி வெளிவரத் தொடங்கின. சுமார் 3,20,000 வீரர்கள், தகப்பன் பெயரோடும் ஊர்ப் பெயரோடும். சுவர் மறந்தாலும் காகிதம் மறப்பதில்லை. பஸ்ரா சுவரில் தொகையாகிப் போனவர்களில் பலர், பதிவேட்டுத் தாள்களில் இன்றும் பெயரோடுதான் இருக்கிறார்கள். ஆணையத்தின் பட்டியலை வீட்டிலிருந்தபடியே, காசு செலவில்லாமல் தேடலாம்.

ஆகவே பட்டாளத்தார் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள். அவர் எந்த ரெஜிமெண்ட், எங்கே சேர்ந்தார், கூடப் போனவர் யார், பென்ஷன் யார் பெயருக்கு வந்தது என்று கேட்டு எழுதிவையுங்கள். மெடலின் விளிம்பைப் படம் எடுங்கள். பெயரைப் பத்து விதமாக எழுதித் தேடுங்கள். கிடைத்ததும் படை எண்ணையும், சுவரின் எண்ணையும், தேதியையும் குடும்பத்தில் எல்லோருக்கும் கொடுங்கள். சில பதிவுகளில் ஒரே நாளாக இல்லாமல், இந்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில் என்றிருக்கும். ஒரே நாளாகக் கிடைத்துவிட்டால், பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து அன்றைய திதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க மகாளய அமாவாசை வரை காத்திருக்க வேண்டியதில்லை.